ஐந்து கட்டையில் உறுமிய வகுப்பு

எனக்கு இசைப்பாடம் வந்து சேர்ந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. பயிற்சிக் கல்லூரியில் நான் படித்தது தமிழும் கணிதமும். மலேசியாவின் பினாங்குத் தீவில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம், தலைமையாசிரியர் கூப்பிட்டு, "டீச்சர், நீங்க கோயில்ல தேவாரம் பாடுவீங்களாமே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப இசைக்கல்விய நீங்களே எடுத்துக்குங்க." பேச்சு முடிந்தது. சிறுவயதில் ஆறு ஆண்டு கற்ற கர்நாடக சங்கீதம், மேல் ஸ்தாயியில் ஒரு கட்டை ஒட்டிக்கொள்ளும் பழைய கீபோர்டு, அலமாரியில் பல்லுப் போன கிழவி மாதிரி கட்டைகள் குறைந்த மூன்று சைலோபோன். இவ்வளவுதான் என் முதலீடு.

எங்கள் கால அட்டவணையில் இசைக்கு வாரத்தில் ஒரே ஒரு முறை, முப்பது நிமிடம். கணக்குப் போடுவது என் தொழில் என்பதால் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு நாற்பது வாரம் என்று வைத்தால் இருபது மணி நேரம். அதிலும் வகுப்பிலிருந்து இசையறைக்கு வரிசையில் வருவது, வாசலில் சப்பாத்து கழற்றுவது, "டீச்சர், இவன் என் இடத்துல உட்காந்துட்டான்" வழக்கைத் தீர்ப்பது எல்லாம் போனால் கையில் நிற்பது இருபது, இருபத்திரண்டு நிமிடம். விளையாட்டுப் போட்டி, பொது விடுமுறை, தடுப்பூசி நாள் இவற்றையும் கழித்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் முதல் ஆண்டு முழுக்க நான் செய்த தப்பைச் செய்திருக்க மாட்டேன்.

என்ன தப்பு? எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் முப்பத்து நான்கு பேரைத் தரையில் சம்மணம் போட வைத்து, மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, அதாவது ஸ்வரங்களை ஏற்றி இறக்கிப் பாடும் முதல் பயிற்சி. புரந்தரதாசர் காலத்து முறை என்று நமக்குச் சொல்லித்தரப்பட்டது. அதில் குறை காண நான் யார்? என் சுருதி ஐந்து கட்டை, அதாவது கீபோர்டின் "ஜி"தான் என் "ச". பாட்டு படித்த பெண்களில் பலருக்கும் அதுதான், அல்லது அதை ஒட்டித்தான் இருக்கும். நான் "ச" என்று பிடித்தால் வகுப்பு "ம்ர்ர்" என்று உறுமும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும்போது தூரத்தில் கேட்கும் உறுமி மாதிரியே இருக்கும். பாதிப் பேர் பேசினார்கள், சிலர் கத்தினார்கள், நாலைந்து பெண் பிள்ளைகள் மட்டும் பஞ்சமத்துக்கு (ப) மேலே போனபின் சேர்ந்துகொண்டார்கள். "இந்த வகுப்புக்குக் குரல் வளமே இல்லை" என்று ஆசிரியர் அறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

அந்த ஆண்டு மே 16, ஆசிரியர் தினத்துக்கு ஒரு பாட்டு வேண்டும் என்றார்கள். வகுப்பு மொத்தமும் மேடையேற வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் கடைசி வரிசையில் ஒரு பையன். நல்ல உயரம், நல்ல சத்தம், ஒரே ஒரு ஸ்வரம். பாட்டு எங்கே போனாலும் அவன் அசையமாட்டான். ஒத்திகையில் இரண்டு தடவை பார்த்துவிட்டு, அருகில் போய், மெதுவாக, சிரித்த முகத்தோடுதான் சொன்னேன்: "நீ வாய மட்டும் அசை ஐயா, போதும்." அவனும் சரி டீச்சர் என்றான். மேடையில் அப்படியே செய்தான். கண்ணுக்கு எடுப்பாகத்தான் இருந்தது. அவன் அம்மா கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு இருந்தார்.

திருப்பம் வந்தது இசை நூல் எதிலிருந்தும் இல்லை, அந்த ஒட்டிக்கொள்ளும் கட்டையிலிருந்து. ஒருநாள் பாடம் தொடங்குமுன் கீபோர்டின் "ஏ" கட்டை மேலே வராமல் ஒலித்துக்கொண்டே இருந்தது. அதை நிமிண்டிக்கொண்டு இருக்கும்போது பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். வழக்கம்போல எழுந்து நின்று ராகம் போட்டு, "வணக்கம் ஆசிரியரேஏஏ". எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் கேட்கிற அதே இழுவை. அது கீபோர்டின் "ஏ"யோடு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. கடைசி அசையில் மட்டும் கீழே இறங்கியது. எங்கே இறங்குகிறது என்று கட்டையில் தேடினேன்: "எஃப்"புக்கு அடுத்த கறுப்புக் கட்டை. முப்பத்து நான்கு பேரும் ஒரே இடத்தில். கடைசி வரிசைப் பையன் உட்பட. அவன்தான் எல்லோரையும்விடச் சத்தமாக.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன். சொன்னார்கள். அதே இடம்.

சங்கீதம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: இரண்டு கட்டையை, அதாவது "டி"யை, ஷட்ஜமாக (ச) வைத்தால் அந்த "ஏ" பஞ்சமம் (ப), கறுப்புக் கட்டை அந்தர காந்தாரம் (க). பிள்ளைகள் தினமும் காலையில் எனக்கு ப–க பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அதுவும் என் சுருதியிலிருந்து பார்த்தால் எங்கே? என் ஐந்து கட்டைப் பஞ்சமம்தான் அவர்களுடைய ஷட்ஜம். நான் ச-ரி-க என்று ஆரம்பித்த இடம் அவர்கள் தொண்டையில் இல்லவே இல்லை. இல்லாத படியில் கால் வைக்கச் சொல்லிவிட்டு, நொண்டுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்று இரவு தேடிப் படித்ததில் தெரிந்தது, இதொன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஹங்கேரி நாட்டு ஸோல்டான் கோடாய் (1882–1967) சிறு பிள்ளைகளுக்கான பாடத்தை இந்தப் ப–க இடைவெளியில்தான் தொடங்க வைத்தார். காரணம் எளிது. திடலில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைத் தூரத்திலிருந்து கூப்பிடும்போது வாய் தானாகப் போவது அந்த இறக்கத்தில்தான். நம் வீடுகளில் மாடியிலிருந்து "அம்ம்மா" என்று கூப்பிடுவதைக் கேட்டுப்பாருங்கள். ஏழு, எட்டு வயதுக் குரல் சௌகரியமாக நிற்கும் இடம் நடு "டி"யிலிருந்து மேலே "ஏ" வரைக்கும், சிலருக்கு "பி" வரைக்கும். அதாவது இரண்டு கட்டை ஷட்ஜத்திலிருந்து ஐந்தாறு ஸ்வரம். அதற்குக் கீழே போனால் பேச்சுக்குரலில் விழுந்துவிடும். அதுதான் அந்த உறுமல்.

ஆண் ஆசிரியர்களுக்கு இது இன்னும் சிக்கல். பட்டர்வொர்த் பக்கம் இசை எடுக்கும் நண்பர் ஒருவர் நல்ல பாடகர். அவர் பாடுவது பிள்ளைகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே கேட்கும். பிள்ளைகளோ சார் மாதிரியே பாட வேண்டும் என்று குரலை அடித்தொண்டைக்குத் தள்ளுவார்கள். அவர் இப்போது முதல் ஸ்வரத்தை மெலோடிக்காவில் (வாயால் ஊதி வாசிக்கும் சின்னக் கீபோர்டு) ஊதிக் காட்டுகிறார், பிறகு நன்றாகப் பாடும் ஒரு பிள்ளையை முன்மாதிரியாகப் பாடச் சொல்கிறார். கூச்சம் இல்லை என்றால் பெண்குரல் மாதிரி மெல்லிய கள்ளக்குரலில் பாடிக்காட்டலாம். பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் சுருதி பிடித்துக்கொள்வார்கள்.

நான் சரளி வரிசையை மூடி வைத்தேன். மாயாமாளவகௌளை மேல் கோபம் இல்லை. சுத்த ரிஷபத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் உள்ள தாவல், தினமும் அரை மணி நேரம் குரு முன்னால் உட்காரும் பிள்ளைக்குப் பொருந்தும். வாரத்துக்கு இருபது நிமிடம் வரும் முப்பத்து நாலு பேருக்குப் பொருந்தாது. அதற்குப் பதில் ப–க. இரண்டே ஸ்வரம், ஏறக்குறைய இரண்டு மாதம். வருகைப் பதிவைப் பாட்டாக்கினேன். நான் பிள்ளையின் பெயரை ப–கவில் கூப்பிடுவேன், "இருக்கேன்" என்று அது ப–கவில் பதில் சொல்ல வேண்டும். முப்பத்து நாலு பெயரும் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். இதில் இன்னொரு லாபம் உண்டு. வகுப்புசார் மதிப்பீட்டுக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றிலிருந்து ஆறு வரை அடைவுநிலை போட வேண்டும். தனித்தனியாகக் கூப்பிட்டுப் பாட வைத்தால் பாதிப் பேர் அழுவார்கள், மீதிப் பேர் அடித்துக்கொள்வார்கள். வருகைப் பதிவின்போது வாரத்துக்கு ஐந்து பேர் மேல் மட்டும் காதை வைத்துக் குறித்துக்கொண்டால் ஏழு வாரத்தில் வகுப்பு முடிந்துவிடும். சோதனை நடந்தது என்று யாருக்குமே தெரியாது.

அந்தக் கடைசி வரிசைப் பையனுக்கு வருவோம். கூட்டத்தோடு வணக்கம் சொல்லும்போது பிடிக்கும் சுருதியை "பாடு" என்றதும் விட்டுவிடுவான். பாட்டு என்றாலே குரலை இறுக்க வேண்டும் என்று எங்கேயோ கற்றிருந்தான். அவனுக்காக, பினாங்கின் கொடிமலையில் ஏறும் ரயிலை வைத்து ஒரு விளையாட்டு ஆரம்பித்தேன். 1923-லிருந்து ஓடுகிற ரயில், எங்கள் பிள்ளைகளில் போகாதவர்கள் குறைவு. கையை ரயிலாக வைத்து அடிவாரத்திலிருந்து உச்சிக்கு "ஊஊ" என்று குரலை வழுக்கி ஏற்றுவது, நடு நிலையத்தில் நிறுத்துவது, மீண்டும் இறக்குவது. உச்சிக்குப் போகும்போது அடித்தொண்டையால் போகமுடியாது. குரல் தானாக மெல்லிய தலைக்குரலுக்கு மாறியாக வேண்டும். மூன்றாவது வாரம் அவன் உச்சியில் ஒரு சத்தம் போட்டான், சுத்தமான, மெல்லிய, பூனைக்குட்டி மாதிரி. பக்கத்துப் பையன் சிரித்தான். "அது நல்ல சத்தம், எல்லாரும் அவன் மாதிரி செய்யுங்க" என்றேன். இதை உடனே சொல்லிவிட வேண்டும். ஒரு விநாடி தாமதித்தால் அந்தக் குரல் உள்ளே போய்விடும். பிறகு திரும்பி வராது. அவன் ப–க இரண்டையும் தனியாகப் பாடியது ஆகஸ்ட்டில். வாயசைக்கச் சொன்னது அவனுக்கு ஞாபகம் இருந்ததோ இல்லையோ, நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

ப–க நன்றாக நின்றபின் த சேர்த்தேன், பிறகு ச, கடைசியில் ரி. ச-ரி-க-ப-த. ஆமாம், மோகன ராகம். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஜெர்மனியின் கார்ல் ஓர்ஃப் (1895–1982) பிள்ளைகளுக்கான சைலோபோனில் "எஃப்", "பி" கட்டைகளைக் கழற்றி வைக்கச் சொன்னதும் இதே ஐந்து ஸ்வரத்துக்காகத்தான். ம-வும் நி-யும் போய்விட்டால் மீதிக் கட்டையில் எதை அடித்தாலும் ஒன்றோடொன்று முட்டாது. எங்கள் சைலோபோனில் கட்டைகள் ஏற்கெனவே குறைந்திருந்தது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. மூன்று பேர் ச-வும் ப-வும் சேர்த்து நிதானமாக அடித்துக்கொண்டே இருப்பார்கள், தம்புரா வேலை. மற்றவர் ஒருவர் பின் ஒருவராக வந்து நான்கு எண்ணிக்கைக்கு இஷ்டம்போல் வாசிப்பார்கள். தப்பு என்று ஒன்று இல்லாத பாடம் அது ஒன்றுதான். கணித ஆசிரியையாகிய எனக்கு அதைப் பொறுத்துக்கொள்ளவே கொஞ்ச நாள் பிடித்தது.

கட்டை கழற்ற முடியாத கருவியாக இருந்தால் அந்த இரண்டின்மேல் வண்ணத்தாள் ஒட்டிவிடுங்கள். "ஒட்டினதத் தொடாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். தொடுவார்கள்.

தாளத்துக்கு வருகிறேன். மேலை முறையில் ஒரு எண்ணிக்கைக்கு "தா", அதை இரண்டாக உடைத்தால் "தி-தி" என்று சொல்லவைப்பார்கள். கரும்பலகையில் கோடு போட்டு விளக்கிக்கொண்டு இருந்தேன். மூன்றாம் ஆண்டுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கி, "டீச்சர், அப்ப தா நெடில், தி குறிலா?" என்றாள். முந்தின பாடவேளையில்தான் தமிழில் மாத்திரை படித்திருந்தார்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. நான் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டேன். இதைவிடச் சரியாக நான் என்ன சொல்லப்போகிறேன்?

அன்றிலிருந்து தாளத்துக்குத் தமிழ்ச் சொல். "வா வா படி வா": தா தா தி-தி தா. "மாமா": இரண்டு நெடில். "படி படி": நான்கு குறில். பிள்ளைகளே சொல் தேடிக்கொண்டு வந்தார்கள். தேடும்போது இலக்கணமும் படித்துக்கொண்டார்கள், தமிழ் ஆசிரியைக்கு இரட்டை வரும்படி. மெய்யெழுத்து இல்லாத சொல்லாகப் பார்த்து எடுங்கள். "அம்மா" என்று எழுதிப்போட்டுவிட்டு மாட்டிக்கொண்டேன். "ம்-முக்கு அரை மாத்திரை டீச்சர், அது எங்க போவுது?" என்று கேட்டுவிட்டான் ஒருவன். செய்யுளில் மாத்திரை வேறு, பாட்டில் வேறு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவன் நம்பவில்லை. இன்னொரு சங்கடம், "ரொட்டி சானாய்", "நாசி லெமாக்" என்று தீனிப் பெயர்களை வைத்துத் தாளம் செய்தால் பிள்ளைகளுக்குக் குஷிதான். ஆனால் ஓய்வு நேரத்துக்கு முந்தின பாடவேளையில் அதைச் செய்யாதீர்கள்.

நான்கு, மூன்று என்று எண்ணிக்கை மாறும்போது தகதிமி, தகிட. ஐந்துக்கு தக-தகிட. எண்ணி எண்ணித் திணறுகிற பிள்ளைகூட வாயால் சொன்னால் விழாது. ஐந்தாம் ஆண்டில் பின்னம் தடுமாறியவன் ஒருவன் தகதிமியையும் தகிடவையும் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரு கை நாலு, ஒரு கை மூன்று, தட்டிக்காட்டினான். எனக்கு இன்னும் வராது.

உறுமி பற்றிச் சொல்லாமல் விட்டால் பினாங்குத் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதாகாது. தைப்பூச மாதத்தில் மேசை, புத்தகப்பை, முன்னால் இருப்பவன் முதுகு எல்லாம் மேளம்தான். ஆசிரியர்களுக்கு எரிச்சல், எனக்கும்தான். நாலாம் ஆண்டில் ஒரு பெண் பிள்ளை, பேச்சே வராது, கேட்டால் தலையாட்டுவாள். அவள் சித்தப்பாவுக்கு உறுமி மேளக் குழு இருந்தது. ஒருநாள் நான் வரும்முன் மேசையில் வாசித்துக்கொண்டு இருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்தினாள். "நிறுத்தாதம்மா, தொடர்ந்து வாசி" என்றேன். ஆறு எண்ணிக்கையில் சுற்றிச்சுற்றி வந்தது. இடையிடையே உள்ளங்கையை மேசையில் தேய்த்து அந்த உறுமல் ஒலியையும் கொண்டுவந்தாள். உறுமியில் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்துத்தானே அந்த முனகலை எடுக்கிறார்கள், அதை அப்படியே மேசையில்.

அதைப் பாடமாக்கினேன். அவள் வாசித்ததை மூன்றாகப் பிரித்தோம். ஒரு குழு ஒன்றிலும் நாலிலும் கனமாக, தொடையில். ஒரு குழு இடைவெளிகளில் விரலால். அவள் மட்டும் முழுசாக. மலாய்க்காரர்களின் கைமேளமான கொம்பாங் வாசிப்பதும் இப்படித்தான்: ஒரே மாதிரி தட்டினால் கொம்பாங் இல்லை, ஒரு குழுவின் அடி இன்னொரு குழுவின் இடைவெளியில் விழுந்து பின்ன வேண்டும். மலாய்க் கல்யாண ஊர்வலத்தைப் பார்த்திருக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொன்னதும் பிடிபட்டது. பேசாத அந்தப் பெண் அன்றைக்கு, "நீ முந்தி வர்றே" என்று ஒரு பையனை அதட்டினாள். பக்கத்து வகுப்பு ஆசிரியை கதவில் வந்து நின்றார். "டீச்சர், இது கோயிலா பள்ளிக்கூடமா?" என்றார். பாதி விளையாட்டு, பாதி வினை. சத்தம் வரும் பாடத்தை எந்த நேரத்தில் வைப்பது என்று பக்கத்து வகுப்போடு முன்பே பேசிவைக்க வேண்டும் என்பதை அன்று கற்றேன். நான் போய் மன்னிப்புக் கேட்டு, பிறகு அவர்கள் உடற்கல்விக்குத் திடலுக்குப் போகும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

ஊரில் இருக்கிற இசையை வகுப்புக்குள் கொண்டுவர இங்கே சிரமமே இல்லை. போரியா பினாங்கின் சொந்தச் சொத்து: தலைப்பாடகர் ஒரு வரி பாட, கூட்டம் வாங்கிப் பாடும். முதலாம் ஆண்டுக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது, நம் கோயில் பஜனையும் அதேதானே. கேட்டல் பாடத்துக்கு நான் ஒலிநாடா எதுவும் போடவில்லை. ஜன்னலைத் திறந்து இரண்டு நிமிடம் சும்மா இருக்கச் சொன்னேன். ரொட்டிக்காரர் மோட்டார் ஹார்ன், பள்ளிவாசல் பாங்கு, கேண்டின் தட்டுச் சத்தம், தூரத்தில் ஃபெரியின் ஊதல். எது உயரம், எது தாழ்வு, எது நீளம்? ரொட்டிக்காரர் ஹார்ன் எந்த ஸ்வரம் என்று தேடியதில் ஒரு பாடவேளையே போய்விட்டது. நாள் பாடத்திட்டத்தில் என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள்.

இனி ரெக்கோடர் என்கிற ஊதுகுழல். நாலாம் ஆண்டில் தொடங்குகிறது. இசை ஆசிரியர்களின் தலைவலிக்கும் அதுவே தொடக்கம். முப்பது பேர் ஒரே நேரத்தில் ஊதினால் எப்படி இருக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நேரில் அதைவிட மோசம். நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

முதல் ஆண்டு "ரெக்கோடர் வாங்கி வரச் சொல்லுங்கள்" என்று மட்டும் பெற்றோருக்கு எழுதிவிட்டேன். புத்தகக்கடையில் கிடைத்ததை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். பி, ஏ, ஜி மூன்று ஸ்வரமும், பிறகு மேல் சி, டி-யும் நன்றாகப் போயின. "எஃப்" வந்த அன்று வகுப்பு இரண்டாகப் பிளந்தது. பாதிப் பேருக்குச் சரியாக, பாதிப் பேருக்குக் கொஞ்சம் தூக்கலாக. பயிற்சி போதாது என்று திட்டினேன். பிள்ளைகள்மேல் தப்பே இல்லை. ரெக்கோடரில் ஜெர்மன் விரல்முறை, பரோக் விரல்முறை என்று இரண்டு வகை. ஜெர்மனில் எஃப்-க்கு விரல்களை வரிசையாக மூடிக்கொண்டே போனால் போதும். பரோக்கில் அதே மாதிரி மூடினால் சுருதி ஏறிவிடும். ஒரு துளையைத் திறந்து அதற்குக் கீழே உள்ளதையும் மூட வேண்டும். பார்த்துக் கண்டுபிடிக்க வழி உண்டு: முன்பக்கம் மேலிருந்து எண்ணி நாலாவது, ஐந்தாவது துளைகளை ஒப்பிடுங்கள். ஐந்தாவது சிறியதாக இருந்தால் ஜெர்மன், நாலாவது சிறியதாக இருந்தால் பரோக். யமஹாவில் ஒய்.ஆர்.எஸ். 23 ஜெர்மன், 24பி பரோக். இப்போது கடிதத்திலேயே எண்ணைக் குறிப்பிட்டு அனுப்புகிறேன். அண்ணன், அக்காவின் பழைய ரெக்கோடரோடு வருபவர்களை மட்டும் தனியாக உட்கார வைத்து அவர்களுக்குரிய விரல்முறையைச் சொல்லிக்கொடுக்கிறேன். பழசு இருக்கும்போது புதுசு வாங்கச் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. வாங்க முடியாத வீடுகளும் உண்டு. பள்ளியில் பத்துப் பன்னிரண்டு வைத்திருக்கிறோம், ஒவ்வொரு முறையும் சவர்க்கார நீரில் கழுவிக் காயவைத்து.

பிறகு, கை. இடது கை மேலே, வலது கை கீழே. இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கும் அப்படித்தான். இதை முதல் நாளே பார்க்காவிட்டால் ஜூன் மாதத்தில் கீழ்த் துளைகளுக்குப் போகும்போது மாற்ற வேண்டியிருக்கும், பிள்ளை அழும். கீச்சென்று சத்தம் வந்தால் இரண்டே காரணம்: பலமாக ஊதுவது, அல்லது ஏதோ ஒரு துளை, பெரும்பாலும் பின்னால் கட்டைவிரல் துளை, முழுதாக மூடாதது. விரல் நுனியால் குத்தாமல் விரலின் சதையால் மூட வேண்டும். சரியாக மூடியிருந்தால் விரலில் துளையின் வட்டம் பதியும்; "வட்டத்தக் காட்டு" என்று கேட்டால் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு காட்டுவார்கள். ஊதுவதற்கு, "சூடான மைலோவ ஆத்துற மாதிரி ஊது" என்று சொன்னேன், அதுவே பலமாகிவிட்டது. "கண்ணாடியில ஆவி பிடிக்கிற மாதிரி" என்றதும் சரியாயிற்று. ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கால் "து" என்று தொட்டு ஆரம்பிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஊதாமல் படிப்பது. ரெக்கோடரின் வாயைத் தாடையில் வைத்துக்கொண்டு, விரல் போட்டபடி ஸ்வரத்தைப் பாட வேண்டும். பாட வந்த பிறகுதான் ஊத அனுமதி. இருபது நிமிடத்தில் பன்னிரண்டு நிமிடம் தாடையில்தான் இருக்கும். கருவி கையில் இருக்கும்போது நான் பேசுவதே இல்லை. கருவி கையில் உள்ள பிள்ளையிடம் பேசுவது, ஐஸ் கச்சாங் முன்னால் வைத்துவிட்டு நீதிக்கதை சொல்வதுபோல. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டுப் பிறகு கொடுங்கள்.

கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். 2020 மார்ச் 18-க்குப் பிறகு இசைப்பாடம் திரையில் நடந்தது, அதாவது நடக்கவில்லை. இணையத்தில் சேர்ந்து பாட முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒலி ஒவ்வொரு நேரத்துக்குப் போய்ச் சேரும். வீட்டில் உள்ள பாட்டி, தாத்தாவிடம் ஒரு தாலாட்டோ தோட்டத்துப் பாட்டோ கேட்டுக் குரல்பதிவு அனுப்பச் சொன்னேன். வந்தவை எட்டு. ஒன்றில் பாட்டி பாட ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, "போதும்டா, அடுப்புல இருக்கு" என்கிறார். அதை இன்னும் அழிக்கவில்லை.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் ஆண்டில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். என்ற அரசுத் தேர்வு இருந்த காலத்தில் ஆறாம் ஆண்டு இசைப் பாடவேளை, ஆண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு கணிதத்துக்குப் போய்விடும். கொடு என்று கேட்டவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் வாங்கிக் கணிதம் நடத்தியதும் நான்தானே? ஒரே ஆள் இரண்டு பாடமும் எடுத்தால் இதுதான் நடக்கும். 2021-இல் அந்தத் தேர்வையே நீக்கிவிட்டார்கள். அந்த வசதியான சாக்கும் இப்போது இல்லை.

மேடை நிகழ்ச்சி விஷயத்தில் இப்போது நான் பிடிவாதக்காரி. நல்ல குரல் பன்னிரண்டு பேரைப் பொறுக்கிக் கொடுங்கள் என்று கேட்டால் தனியாகப் பாட்டுக்குழு வையுங்கள், ஓய்வு நேரத்தில் சொல்லித் தருகிறேன் என்பேன். வகுப்பு ஏறினால் வகுப்பே ஏறும். சினிமாப் பாட்டு கேட்டு வரும் பிள்ளைகளுக்கு அதன் தாளத்தை எடுத்துத் தட்டச் சொல்வேன், பாடச் சொல்வதில்லை. பெரியவர் சுருதியில் அமைந்த பாட்டைப் பாடப் போனால் மறுபடி அந்த உறுமலுக்கே போய்விடுவோம். பக்திப் பாட்டும் கவனமாகத்தான். என் வகுப்பில் கிறிஸ்துவப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் உண்டு. தேவாரம் தெரிந்த டீச்சர் என்பதால் கிடைத்த வேலை. ஆனால் வகுப்பில் தேவாரம் பாடியது இல்லை, அது காலைச் சபைகூடலில்.

இந்த ஆண்டு புது முதலாம் ஆண்டு வகுப்பு. முதல் நாள், பாதிப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து கழற்றக்கூடத் தெரியவில்லை. எழுந்து நின்று இழுத்தார்கள், "வணக்கம் ஆசிரியரேஏஏ". கீபோர்டில் தொட்டுப் பார்த்தேன். ஒட்டும் "ஏ"யை இந்த முறை தாண்டிப் போய்விட்டார்கள். ரெண்டரைக் கட்டை. சுருதி மாற்றும் பொத்தானை ஒன்று ஏற்றிவிட்டு வருகைப் பதிவை எடுத்தேன்.